விற்பவருக்குச் சொந்தமில்லாத சரக்கு

நம்மில் பெரும்பாலானோர் உறைபனியைக் குளிர்சாதனப் பெட்டியின் மேல்தட்டில்தான் கண்டிருக்கிறோம். பனிச்சறுக்கு நமக்குத் தொலைக்காட்சியில் வந்துபோகும் ஒரு காட்சி. அப்படியிருக்க, பனிமலைச் சரிவில் விளம்பரம் வைப்பது சரியா பிழையா எனும் விவாதம் நமக்கெதற்கு என்று யாரும் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால் ஒரு விடயத்தின் நன்மை தீமையைச் சிந்திக்க வேண்டுமானால், அது கலப்பில்லாமல் தெரியும் இடத்துக்குப் போய்ப் பார்ப்பது நல்லது. கடைத்தெருவில் விளம்பரம் கடையோடு கலந்துவிடுகிறது. வெண்பனி படர்ந்த மலையில் அப்படிக் கலக்க இடமில்லை. அங்கே ஒரு பதாகை நின்றால் அது பதாகையாகவே நிற்கிறது.

பனிச்சறுக்கு மையமொன்றில் நடப்பது இதுதான். மலையடிவாரத்தில் சீட்டு வாங்கியவர், கம்பி வடத்தில் தொங்கியபடி மேலே செல்லும் இருக்கையொன்றில் அமர்கிறார். பக்கத்தில் இன்னும் இரண்டு மூன்று பேர். தவறி விழாமலிருக்கக் காப்புச் சட்டமொன்றைத் தலைக்கு மேலிருந்து இழுத்து மடிக்கு நேரே இறக்கிக்கொள்கிறார்கள். பிறகு சில நிமிடங்கள் ஆகாயத்தில் மெதுவான பயணம். கால்களுக்குக் கீழே ஊசியிலை மரங்கள், எதிரே மலைமுகடு, சுற்றிலும் பனி விழுங்கிய மௌனம். வட அமெரிக்காவின் பல மையங்களில் அந்தக் காப்புச் சட்டத்தில் விளம்பரம் ஒட்டப்பட்டிருக்கும். சறுக்குப் பாதைகளின் வரைபடம் நடுவில் இருந்தால், அதன் பக்கத்தில் ஒரு கார், ஒரு வங்கி, ஒரு பானம்.

விளம்பரம் செய்வோருக்கு இந்த இடம் ஏன் பிடித்திருக்கிறது என்பது இலகுவில் விளங்கும். அந்த இருக்கையிலிருந்து யாரும் எழுந்து போக முடியாது. தொலைக்காட்சியை அணைக்கலாம், பத்திரிகையின் பக்கத்தைப் புரட்டலாம். ஆகாயத்தில் தொங்கும் மனிதன் எங்கே போவான்?

பிடிக்காவிட்டால் பார்க்காமல் இருந்துவிட்டுப் போகலாமே என்பது இதற்கு வழமையாகச் சொல்லப்படும் பதில். நமது மரபில் வளர்ந்தவர்களுக்கு இந்தப் பதில் சற்றுப் பலமாகவே ஒலிக்கும். அந்நூர் அத்தியாயம் ஆண்களையும் பெண்களையும் தனித்தனியே விளித்துப் பார்வையைத் தாழ்த்திக்கொள்ளும்படி சொல்கிறது. கண்ணுக்கான பொறுப்பு கண்ணுடையவனுக்கு எனும் பாடத்தை நாம் சிறுவயதிலேயே கற்றிருக்கிறோம். ஆனால் அந்த இருக்கையில் அமர்ந்திருப்பவரை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். அவர் பார்வையைத் தாழ்த்தினால் அது எங்கே விழும்? மடிக்கு நேரே இருக்கும் அந்தச் சட்டத்தின் மேல்தான். தாழ்ந்த பார்வையையும் விட்டுவைக்காமல் அதற்கும் ஒரு விலைப்பட்டியல் போட்டாகிவிட்டது.

பாதையின் உரிமைகள் பற்றிய நபிமொழி ஒன்று நாமெல்லோரும் அறிந்ததே. பாதையோரங்களில் உட்கார வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னபோது, அது தங்களுக்குத் தவிர்க்க முடியாதது என்றனர் தோழர்கள். அப்படியானால் பாதைக்குரிய உரிமையைக் கொடுத்துவிடுங்கள் என்று சொல்லி, அந்த உரிமைகளையும் நபியவர்கள் எண்ணிக் காட்டினார்கள். பார்வையைத் தாழ்த்துவது முதலாவது. பிறருக்குத் தொல்லை தராதிருப்பது இரண்டாவது. இவ்விரண்டும் ஒரே மூச்சில் சொல்லப்பட்டிருப்பதை நாம் போதியளவு கவனிக்கவில்லை என்றே நினைக்கிறேன். அங்கே கடமை சுமத்தப்படுவது பாதையில் இடம்பிடித்து உட்கார்ந்திருப்பவன் மீது. வழிப்போக்கனுக்குத் தொல்லை கொடுக்காதே என்பது அவனுக்கான கட்டளை. இன்று பாதையில் இடம்பிடித்து உட்கார்ந்திருப்பவை பதாகைகள். நாமோ வழிப்போக்கனைப் பார்த்து, நீ கண்ணைத் தாழ்த்திக்கொள் என்கிறோம். கட்டளை ஆள் மாறிவிட்டது.

எழுந்து போக முடியாதவனின் முன்னால் விளம்பரம் செய்யலாமா எனும் கேள்வி அமெரிக்க உயர் நீதிமன்றம் வரை சென்றதுண்டு. வொஷிங்டன் நகரின் ட்ராம் வண்டிகளிலும் பஸ்களிலும் ஒலிபெருக்கி பூட்டி, இசையோடு விளம்பரங்களையும் ஒலிபரப்பினார்கள். பயணிகள் சிலர் எதிர்த்து வழக்காடினர். 1952இல் நீதிமன்றம் ஒலிபரப்பை அனுமதித்துத் தீர்ப்பளித்தது. நீதியரசர் டக்ளஸ் மாறுபட்டார். வேலைக்குப் போக வேறு வழியில்லாமல் வண்டியேறியவனைப் பிடித்துவைத்துக் கேட்கச் செய்வது அவனுடைய தனிமையின் மீதான தாக்குதல் என்பது அவர் வாதத்தின் சாரம். அதே வழக்கில் நீதியரசர் பிராங்க்பர்ட்டர் தீர்ப்பிலிருந்து விலகிக்கொண்டார். அந்த ஒலிபரப்புக்குத் தானும் ஆளாகி மனம் நொந்திருப்பதால் பக்கம் சாராமல் தீர்ப்புச் சொல்ல இயலாது என்பது அவர் கூறிய காரணம். சட்டம் அனுமதித்த ஒன்று ஒரு நீதியரசரை எவ்வளவு தூரம் புண்படுத்தியிருக்கிறது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி தேவையில்லை.

இனி அடிப்படையான கேள்விக்கு வருவோம். மலையில் விளம்பரம் அழகைக் கெடுக்கிறது என்பது பொதுவான முறைப்பாடு. அது உண்மைதான் என்றாலும் பலவீனமான வாதம். அழகு ஆளுக்காள் மாறும். வண்ணப் பதாகையொன்று வெறும் பனியைவிட அழகு என்று ஒருவர் சொன்னால் அவரோடு வாதாட முடியாது. தவிரவும், சறுக்கு மையமே இயற்கையின் தூய வடிவமல்ல. காட்டை வெட்டித்தான் சறுக்குப் பாதை அமைக்கிறார்கள். பனி பொழியாவிட்டால் இயந்திரத்தால் பனி செய்து தூவுகிறார்கள். 2022இல் பெய்ஜிங்கில் நடந்த குளிர்கால ஒலிம்பிக் போட்டிகள் ஏறத்தாழ முழுவதுமாகவே செயற்கைப் பனியில் நடந்தவை. இத்தனைக்கும் பிறகு ஒரு பதாகை வந்து கற்பழகைக் குலைத்துவிட்டது என்று அழுவதில் சிறிது பாசாங்கு இருக்கிறது.

எனவே அழகை ஒருபுறம் வைத்துவிட்டு வியாபாரத்தைப் பார்ப்போம். கார்க் கம்பனியொன்று சறுக்கு மையத்துக்குப் பணம் கொடுத்து அந்தக் காப்புச் சட்டத்தில் இடம் வாங்குகிறது. உண்மையில் அது எதை வாங்குகிறது? இரண்டு சாண் தகரத்தையா? அதே தகரத்தை ஆளில்லாத களஞ்சியமொன்றில் வைத்திருந்தால் அதற்கு ஐந்து சதமும் கிடைக்காது. சட்டம் மையத்துக்குச் சொந்தம், தூண் சொந்தம், வடம் சொந்தம், ஒருவேளை மலையும்கூடச் சொந்தமாயிருக்கலாம். ஆனால் விலை போனது இவற்றில் எதுவுமல்ல. விலை போனது அங்கே அமரப்போகும் மனிதர்களின் கண்கள், அவர்களது கவனத்தின் சில நிமிடங்கள். அவற்றுக்கு மையம் உரிமையாளர் அல்ல. உரிமையாளர்கள் அடிவாரத்தில் வரிசையில் நிற்கிறார்கள். அவர்களிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அவர்களுக்கு யாரும் எதுவும் கொடுக்கவுமில்லை.

உன்னிடம் இல்லாததை விற்காதே என்று நபி (ஸல்) அவர்கள் ஹகீம் இப்னு ஹிஸாம் (ரழி) அவர்களுக்குச் சொன்னதாக ஹதீஸ் நூல்களில் பதிவாகியிருக்கிறது. விற்பவனுக்குச் சொந்தமில்லாத பொருளை உரியவனின் அனுமதியின்றி விற்பது செல்லாது என்பது நமது சட்ட அறிஞர்கள் வியாபாரம் பற்றிய பாடத்தில் தொடக்கத்திலேயே பேசும் விடயம். இந்த விதி தானியத்துக்கும் ஒட்டகத்துக்கும் சொல்லப்பட்டது, கவனத்துக்கல்ல என்று ஒருவர் மறுக்கலாம். நான் ஃபத்வா கொடுக்க வரவில்லை. அதற்குரிய தகுதியும் எனக்கில்லை. விதிக்குப் பின்னாலிருக்கும் நியாயத்தை மட்டும் சுட்டிக்காட்டுகிறேன். மூன்றாம் ஆளொருவனின் உடைமையை இருவர் தமக்குள் பேசி விலை தீர்த்துக்கொள்வது அநீதி எனும் உணர்வுதான் அது. கவனம் உடைமையில்லை என்றால் அதற்கு ஏன் இவ்வளவு விலை கொடுக்கிறார்கள்?

சீட்டு வாங்கும்போதே அவர் சம்மதித்துவிட்டார் என்பது அடுத்த வாதம். அவர் சம்மதித்தது மலையேறுவதற்கு. ஈஜாபும் கபூலும் இன்னதற்கென்று தெரிந்து நடக்க வேண்டும் என்பது ஒப்பந்தத்தின் அரிச்சுவடி. விளம்பரப் பணத்தால் சீட்டு விலை குறைகிறது என்பது இன்னொரு வாதம். அமெரிக்காவின் பெரிய மையங்களில் ஒருநாள் சீட்டின் விலை 200 டொலரைத் தாண்டிவிட்டது. அந்த மலைகள் ஏழைகளின் மலைகளாகிவிடவில்லை.

ஆனாலும் இங்கே ஒரு நேர்மையான தயக்கம் எழுகிறது. எல்லா மையங்களும் பெரிய கம்பனிகளுடையவையல்ல. ஊர்மக்கள் சேர்ந்து நடத்தும் சிறிய சறுக்குமேடுகளும் உள்ளன. வடத்தைத் திருத்துவதற்கு அவர்களிடம் காசிருக்காது. ஊர் வெதுப்பகக்காரர் ஒரு தொகை கொடுக்கிறார். அவர் பெயரை ஒரு பலகையில் எழுதிவைக்கிறார்கள். இதுவும் அதே குற்றமா? ஆம் என்று சொல்ல என் நாக்கு எழவில்லை. பெயர் எழுதுவதெல்லாம் பிழையென்றால் நமது வரலாற்றிலேயே பலவற்றை அழிக்க வேண்டிவரும். 1728இல் இஸ்தான்புல்லின் டொப்காபி மாளிகை வாசலில் கட்டப்பட்ட நீரூற்றில் மூன்றாம் அஹ்மத் சுல்தானின் பெயர் கவிதையாகப் பொறிக்கப்பட்டிருக்கிறது. கொழும்பு காலிமுகத்திடலில் 1859ஆம் ஆண்டுக் கல்வெட்டில் ஆளுநர் ஹென்றி வார்டின் பெயர் இருக்கிறது. நமது பள்ளிவாசல்களின் மின்விசிறி இதழ்களில் கூட அன்பளிப்புச் செய்தவரின் பெயர் சுழன்றுகொண்டுதானிருக்கிறது. வலது கை கொடுப்பதை இடது கை அறியாதிருப்பதே உயர்வு என்று குத்பாவில் கேட்டுக்கொண்டே அந்தக் காற்றை வாங்குகிறோம்.

இவற்றுக்கிடையில் வேறுபாடு உண்டு. சுல்தானின் நீரூற்று முதலில் தண்ணீரைத் தருகிறது. பிறகு, குடித்தவரிடம் ஒரு துஆவை வேண்டுகிறது. குடித்தவர் கேட்காமலும் போகலாம். வார்டின் கல், அந்தத் திடலைப் பெண்களினதும் பிள்ளைகளினதும் நலனுக்காகப் பேணுமாறு தனக்குப் பின் வருவோரைக் கேட்டுக்கொள்கிறது. அந்தப் பெயர் ஓர் அமானத்தைக் கைமாற்றிவிட்டு நிற்கிறது. வெதுப்பகக்காரரின் பலகையும் ஏறத்தாழ இந்த வகையே. இந்த வடம் ஓட இன்னார் உதவினார் என்பது அந்த இடத்தைப் பற்றிய ஓர் உண்மை. காப்புச் சட்டத்திலுள்ள காரோ மலையைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. மலையைப் பார்க்க வந்தவரிடம், உன்னிடம் இல்லாத ஒன்று இருக்கிறது என்று சொல்கிறது. மனிதன் தன்னிடம் இல்லாததை மறந்திருக்க வந்த இடத்தில் அதை நினைவூட்டுவதே அதன் தொழில். உலகக் கிண்ணப் பனிச்சறுக்குத் தொடர் பல ஆண்டுகள் அவுடி காரின் பெயரைச் சூடியிருந்தது. புவி வெப்பமடைந்து பனி குறைந்துவரும் மலைகளில் காரின் பெயர்! இதில் எள்ளல் எதையும் நாம் சேர்க்கத் தேவையில்லை.

தகவலையும் ஆக்கிரமிப்பையும் இப்படிப் பிரிப்பது நூலில் மட்டும் சாத்தியமான ஒன்றல்ல. பனிச்சறுக்குக்குப் பெயர்போன அமெரிக்க மாநிலம் வெர்மொன்ட். 1968இல் அங்கே டெட் ரீல் எனும் சட்டமன்ற உறுப்பினர் முன்னின்று ஒரு சட்டம் கொண்டுவந்தார். வீதியோரப் பெரும் பதாகைகள் தடைசெய்யப்பட்டன. கடைக்காரர் தன் கடை வாசலில் பெயர்ப்பலகை வைக்கலாம், தொலைவில் வைக்கக்கூடாது. தொலைவிலிருந்து வருவோருக்கு வழிகாட்ட, ஒரேமாதிரியான சிறிய பலகைகளை மாநிலமே நிறுத்தியது. உல்லாசப் பயணிகள் வரமாட்டார்கள், வியாபாரம் படுத்துவிடும் என்று பயந்தவர்கள் இருந்தனர். 1974இல் கடைசிப் பதாகையும் இறங்கியது. பயணிகள் வந்துகொண்டேயிருந்தனர். ஹவாய் தீவுகளில் இது இன்னும் முந்தியது. 1912இல் பெண்கள் சிலர் தொடங்கிய அமைப்பொன்று ஆண்டுக்கணக்கில் போராடி 1927இல் பதாகைத் தடைச் சட்டத்தைப் பெற்றெடுத்தது. இங்கிருக்கிறேன் என்று சொல்லும் உரிமை வியாபாரிக்கு உண்டு. மலைக்கும் மனிதனுக்கும் குறுக்கே நிற்கும் உரிமை இல்லை. கோடு இவ்வளவு எளிமையானது.

இந்த இடத்தில் கட்டுரையை முடித்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். ஆனால் வெறுமையும் விற்பனைக்கு வரும் என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

ஒலிம்பிக் போட்டிக் களங்களில் விளம்பரப் பதாகைகளுக்கு இடமில்லை. பிரான்சின் வல் டிசேர் நகரிலுள்ள பெல்வார்ட் சரிவில் 1992இல் ஒலிம்பிக் ஆண்கள் சறுக்குப் போட்டி நடந்தபோது அனுசரணையாளர்களின் பதாகைகள் அங்கிருக்கவில்லை. அதே சரிவில் உலகக் கிண்ணப் போட்டி நடக்கும்போது வேலி, வாயில், வெற்றியாளர் நிற்கும் சுவர் என எங்கும் பெயர்கள். ஒரே மலை, ஒரே பனி. ஒன்று தூய்மை, மற்றது சந்தை என்று தோன்றும். அந்தத் தூய்மையின் வரலாறு சிக்கலானது. 1968இல் கிரனோபிள் குளிர்கால ஒலிம்பிக்கின்போது, சறுக்குப் பலகைகளில் உள்ள கம்பனிப் பெயர்களை மறைக்க வேண்டும் என்று சர்வதேச ஒலிம்பிக் குழுவின் தலைவர் எவரி பிரண்டேஜ் பிடிவாதம் பிடித்தார். வீரர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. ஓட்டம் முடிந்ததும், படமெடுப்பதற்கு முன் பலகைகளை அவர்களிடமிருந்து அகற்றிவிடுவது என்று சமரசம் ஏற்பட்டது. 1972இல் சப்போரோவில் பிரண்டேஜ் இன்னும் கடுமையானார். விளம்பரத்துக்குத் தன்னைப் பயன்படுத்த அனுமதித்தார் என்று ஒஸ்திரிய வீரர் கார்ல் ஷ்ரான்ஸ் போட்டி தொடங்கச் சில நாட்களுக்கு முன் விலக்கப்பட்டார். ஊர் திரும்பிய அவரை வியன்னா நகரம் வீதியெங்கும் திரண்டு வரவேற்றது.

அந்த மக்கள் பக்கமும் நியாயமிருந்தது. பிரண்டேஜ் கட்டட ஒப்பந்தங்களில் பணம் தேடிய செல்வந்தர். மலைக்கிராமத்துப் பிள்ளைக்குச் சறுக்குப் பலகைக் கம்பனியின் காசில்லாமல் பயிற்சி இல்லை. வசதி படைத்தவரின் தூய்மைக்கு வசதியற்றவர் விலை கொடுத்தார். பிரண்டேஜ் அந்த ஆண்டே பதவியிலிருந்து போனார். 1985இல் ஒலிம்பிக் குழு தனது உலகளாவிய அனுசரணைத் திட்டத்தைத் தொடங்கியது. களத்தில் பதாகை இல்லை என்பதே அந்தத் திட்டத்தின் மதிப்பை உயர்த்தியது. சந்தையின் கைபடாத இடம் எனும் பெயரையே சந்தையில் விற்கக் கற்றுக்கொண்டார்கள். ஆகவே பதாகை இல்லாத மலையைக் கண்டதும் அங்கே வியாபாரம் இல்லை என்று நினைத்துவிடக்கூடாது. வெறுமை யாருக்காகக் காக்கப்படுகிறது என்று கேட்க வேண்டும்.

அதே கிரனோபிள் நகரம் அரை நூற்றாண்டு கழித்து மறுபடி இந்தக் கதைக்குள் வருகிறது. ஆல்ப்ஸ் மலையடிவாரத்திலுள்ள அந்நகரின் வீதிகளில் நிமிர்ந்தால் முகடுகள் தெரியும். 2014இல் மேயராகத் தெரிவான எரிக் பியோல், வீதி விளம்பரங்களுக்கான ஒப்பந்தத்தை மாநகர சபை புதுப்பிக்காது என்று அறிவித்தார். 326 விளம்பரப் பலகைகள் அகற்றப்பட்டன. சில இடங்களில் மரங்கள் நடப்பட்டன. பஸ் தரிப்பிடங்கள் வேறு ஒப்பந்தத்தின் கீழ் இருந்தமையால் அங்கு விளம்பரங்கள் அப்போது தொடர்ந்தன. குறைபாடுள்ள முயற்சிதான். ஆனால் 1968இல் ஒரு தலைவர் வீரர்களின் பலகைகளைப் பறித்ததற்கும், 2014இல் மக்களால் தெரிவான சபை தன் வருமானத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்ததற்கும் இடையில் பெரிய தூரம் இருக்கிறது. முன்னது அடுத்தவரின் வயிற்றில் கைவைத்துக் காத்த தூய்மை. பின்னது தன் பையில் கைவைத்துச் செய்த காரியம். வீதியில் நடப்பவர் சீட்டு வாங்கவேண்டியதுமில்லை.

தண்ணீரிலும் புல்லிலும் நெருப்பிலும் மனிதர்கள் பங்காளிகள் என்று நபிமொழி சொல்கிறது. பாலைவன வாழ்வில் எவை தனியொருவர் கையில் சிக்கினால் மற்றவர் வாழ முடியாதோ அவை அங்கே எண்ணப்பட்டிருக்கின்றன. நமது காலத்தில் அந்த வரிசையின் அருகில் வைத்து யோசிக்க வேண்டிய ஒன்றாகக் காட்சிவெளியை நான் காண்கிறேன். அல்காஷியா அத்தியாயம் ஒட்டகத்தையும் வானத்தையும் மலைகளையும் பூமியையும் பார்க்கும்படி மனிதனைத் தூண்டுகிறது. பார்ப்பது அங்கே பொழுதுபோக்கல்ல, சிந்தனையின் வாசல். அந்த வாசலில் ஒருவன் கடை விரித்தால், அவன் அடைத்திருப்பது ஒரு காட்சியை மட்டுமல்ல.

நம்மூர் மைதானத்துக்கோ கடற்கரைப் பூங்காவுக்கோ அனுசரணையாளர் ஒருவர் பதாகையோடு வரும்போது, எவ்வளவு தருவார் என்று விசாரிப்பது நமது வழக்கம். தருவதற்குப் பதிலாக எதைக் கொண்டுபோகிறார், அது யாருடையது என்று இனி ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொள்ளலாம். அது அங்கே விளையாட வரும் பிள்ளைகளுடையது என்று பதில் வருமானால், கையொப்பமிடும் உரிமை சபையிலுள்ள நமக்கு இருக்கிறதா என்பதையும் அந்த இடத்திலேயே யோசித்துக்கொள்ளலாம்.